கினுயோவின் இடப்பக்கம்

கினுயோவுக்கு ஐம்பத்தாறு வயதில் நிதானம் வந்துவிட்டது என்று லாயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதற்கு முன்பு அவள் ஒரு சிடுமூஞ்சி. பக்கவாட்டில் ஒரு காகம் பறந்தால்கூடத் தலையைத் திருப்புவாள். யார் வேலையில் டிமிக்கி கொடுக்கிறார்கள், யார் வைக்கோல் போருக்குப் பின்னால் சிகரெட் பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவள் ஒரு குளிர்காலத்துக்குள் சாந்த சொரூபியாகிவிட்டாள். எதைக் கண்டும் மிரளுவதில்லை, யாரையும் முறைப்பதில்லை.

அவளும் அதை நம்பினாள். அதுதான் வேடிக்கை. அவர்கள் ஊரான தொகாச்சிப் பக்கத்துப் பந்தயத்தில் குதிரைகள் ஓடுவதில்லை. இரும்புச் சுமை ஏற்றிய சறுக்குவண்டியை இரண்டு மணல்மேடுகளுக்கு மேல் இழுக்கும். குதிரை ஒவ்வொன்றும் ஒரு டன் எடை. குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால், நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் தவிரச் சுற்றி உள்ளது அத்தனையும் அதற்குத் தெரியும். தெரிந்தால் மிரளும். அதனால் மிரளுகிற குதிரைக்குக் கண்ணின் இரு ஓரமும் மறைத்துப் பட்டை கட்டுவார்கள். இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பட்டையைக் கட்டி வந்தவள் கினுயோ. பக்கத்தில் இருப்பது தெரியாவிட்டால் மனசு அடங்கும் என்பது அவள் கைகண்ட பாடம். தனக்கும் வயசு ஒரு பட்டை கட்டிவிட்டது என்று எண்ணிச் சந்தோஷப்பட்டாள். வேறு தொழிலில் இருப்பவளாக இருந்தால் கண் டாக்டரிடம் ஓடியிருப்பாள்.

அவள் டாக்டரிடம் போனது வேறு காரணத்துக்கு. பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டியிருந்தது. ஜூன் மாதம். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கும் மஞ்சள் விளக்கையே பார்க்கவேண்டும், சுற்றிலும் எங்கே பொட்டு வெளிச்சம் வந்தாலும் கையிலிருக்கும் பொத்தானை அழுத்தவேண்டும். ரொம்ப நேரம் எதுவும் வரவில்லை. மிஷின் ரிப்பேர் என்று நினைத்து அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் இளம்பெண். ஒரு காகிதத்தைக் காட்டினாள். இரண்டு வட்டங்கள், உள்ளே முக்கால்வாசி கறுப்பு. இடது பக்கம் சுத்தமாகக் கறுப்பு. நடுவில் மட்டும் காசு அளவுக்கு வெளுப்பு.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு செத்திருக்கு. ஓரத்துல இருந்து மெதுவா போகும், அதனால உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. போனது திரும்பாதும்மா. சொட்டு மருந்து விட்டா இருக்கறதைக் காப்பாத்தலாம்."

"குதிரைக்குக் கட்டற பட்டை மாதிரியா?"

"அப்படித்தான் வச்சுக்கோங்களேன்."

"பந்தயம் முடிஞ்சதும் நாங்க அதைக் கழட்டிருவோம்."

டாக்டர் மருந்துச் சீட்டு எழுதி, அந்தக் காகிதத்தோடு சேர்த்துக் கொடுத்தாள்.

வெளியே வந்த கினுயோவுக்கு அழுகை வரவில்லை, பயம் வரவில்லை. எதுவுமே தோன்றவில்லை. வழக்கமான கடையில் பன்றிக்கறிச் சோறு வாங்கி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். மருந்து வாங்கினாள், அப்படியே வெங்காயத்தாள் ஒரு கட்டும் வாங்கினாள். அன்றிலிருந்து காரை எடுக்கவில்லை. பேட்டரி போய்விட்டது என்று சொல்லிவிட்டாள்.

விஷயம் வெளியே தெரிந்தால் மறுநாளே குதிரையைப் பிடிக்கும் கயிற்றை அவளிடமிருந்து வாங்கிவிடுவார்கள். கயிறு போனால் தெத்சுமாரு போகும். தெத்சுமாரு என்பது அவள் பார்த்துக்கொண்ட குதிரை, ஏழு வயசு, கரிய நிறம், ஊரிலேயே பயங்கொள்ளி. லாயத்து அறையும் போகும். அவளுக்கு வேறு வீடு இல்லை, பிள்ளை குட்டி இல்லை. ஆகவே வாயைத் திறக்கவில்லை.

சமாளிக்கவும் செய்தாள். அவள் பார்வைக்குள் எப்போதும் தெத்சுமாருவின் காதுகள் இருக்கும். இடப்பக்கம் யாராவது வந்தால் குதிரைக்குத் தெரியும், இடது காது அந்தப் பக்கம் திரும்பும். காது திரும்பிய பக்கம் கினுயோவும் திரும்புவாள். குதிரை பார்த்தது, அவள் நடந்தாள். பந்தய நாளில் பட்டை கட்டிய பிறகுதான் சிக்கல். அப்போது அதற்கும் ஓரம் தெரியாது, இவளுக்கும் தெரியாது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. பட்டை கட்டின குதிரைகளோடு பந்தயத் தடத்துக்குப் போகும் வாசல் வழியாக எல்லோரும் நடந்துகொண்டிருந்தார்கள். பட்டை கட்டின குதிரையிடம் பக்கவாட்டில் போவதென்றால், கயிறு பிடித்திருப்பவர் முகத்தைத் திருப்பித் தலையசைக்கவேண்டும். அதற்கு அப்புறம்தான் காலெடுத்து வைக்கலாம். அங்கே எழுதாத சட்டம் அது. கினுயோ இடப்பக்கம் முகத்தைத் திருப்பினாள், தலையை மேலும் கீழுமாக அசைத்தாள். உடனே தொகுஜி குதிரையின் பக்கவாட்டில் நுழைந்தான். தெத்சுமாரு மிரண்டு அவன் மேல் துள்ளியது. அவன் இடுப்பெலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது.

தொகுஜி அதே லாயத்தில் வேலை செய்பவன், ஐம்பத்திரண்டு வயசு. அவளை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே வாய் ஓயாமல் கிண்டல் செய்கிற ஆள். அவள் அவனுக்கு ஒருநாளும் நல்லபடியாகப் பதில் சொன்னதில்லை.

விசாரணையில் கினுயோவிடம் கேட்டார்கள், "தொகுஜியைப் பார்த்துத் தலையசைச்சீங்களா?"

"நான் யாரையும் பார்க்கல," என்றாள்.

அது உண்மை. அந்த அறையில் அன்றைக்குச் சொல்லப்பட்ட பெரிய பொய்யும் அதுதான். தொகுஜி அனுமதி இல்லாமல் நுழைந்தான் என்று முடிவானது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே அவனும் தன் தவறுதான் என்று கையெழுத்துப் போட்டான். வசந்தத்தில் குதிரை பார்த்துக்கொள்ளும் உரிமத்தை அவனுக்குப் புதுப்பிக்கமாட்டார்கள் என்று பேச்சு அடிபட்டது. கினுயோ அதைக் கேட்டபடி தெத்சுமாருவின் குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. தான் இவ்வளவு கெட்டவளா என்று யோசித்துப் பார்த்தாள், அடுத்த குளம்பைத் தூக்கினாள்.

பத்து நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தொகுஜி கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"வந்துட்டியா அக்கா? ஒரு ஆரஞ்சுப் பழம்கூடக் கொண்டு வரல. கஞ்சப்பிசினாரி."

"ஏன்டா உன் தப்புன்னு கையெழுத்துப் போட்டே? நான் தலையசைச்சதை நீ பார்த்தேல்ல?"

"பார்த்தேன். ஆனா நீ என்னைப் பார்க்கலைன்னும் தெரியும். நீ தலையை ஆட்டி ஆட்டி வாசல் தூணைத் தேடிட்டிருந்தே. நேரா அது மேல குதிரையைக் கொண்டுபோய் இடிக்கப் போனே. அதான் குதிரையைத் திருப்ப ஓடி வந்தேன்."

"குரல் குடுத்திருக்கலாமே?"

"குரல் குடுத்தா நீ என் பக்கம் திரும்புவே, உன்னோட கயிறும் திரும்பும். தூண் இன்னும் கிட்ட வந்திருக்கும்."

கினுயோ நாற்காலியில் உட்கார்ந்தாள். "எப்ப இருந்து தெரியும்?"

"வேனல்ல இருந்து. ஒருநாள் உன் பக்கத்துல நின்னு நாக்கை நீட்டி அழகு காட்டினேன். நீ திட்டல. நீயாவது, திட்டாம இருக்கறதாவது! அன்னிக்கே புரிஞ்சுபோச்சு. சொன்னா உன் குதிரையைப் பிடுங்கிருவானுங்க. பிறகு நீ எங்க போவே?"

அவள் எழுந்தாள். பஸ் பிடித்து நேராக லாயத்துக்குப் போய், தன் அறையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வாத்தியாரின் அறைக்குள் நுழைந்தாள். குதிரைகளைப் பழக்குபவரை அங்கே எல்லோரும் வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். காகிதத்தை மேஜையில் விரித்து வைத்தாள்.

"என்னது இது?"

"என் கண்ணு. கறுப்பா இருக்கறதெல்லாம் எனக்குத் தெரியாது. தொகு மேல தப்பில்லை. நான் அவனைப் பார்க்கவே இல்லை."

வாத்தியார் காகிதத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்து ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார். "இவ்வளவுதான் தெரியுமா உனக்கு?"

"அதைவிடக் கம்மி."

"இதை வச்சுக்கிட்டா ஒரு டன் மிருகத்தை ஜனங்களுக்கு நடுவுல இழுத்துட்டுப் போனே? அவன் செத்திருந்தா?" மேஜையில் ஓங்கி அறைந்தார். "விசாரணைக்காரங்ககிட்ட நான் போய்ச் சொல்லிடறேன், தொகுஜி விஷயம் சரியாயிடும். லாயத்துச் சாவியை வச்சிட்டுப் போ. ரூமை மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணு."

சாவியை வைத்தாள். மறுநாள் காலை தெத்சுமாருவை வேறொருத்தன் பயிற்சிக்குக் கூட்டிப்போனான். அவள் போய்ப் பார்க்கவில்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இந்தத் தடவை ஆரஞ்சு வாங்கியிருந்தாள். "சொல்லிட்டேன்," என்றாள்.

"பைத்தியக்காரி!" தொகுஜி எழ முயன்று வலியில் முனகினான். "என் எலும்பு வீணாப் போச்சே. சரி, குதிரை?"

"வாங்கிட்டாங்க."

அவன் ஒரு ஆரஞ்சை அவள் கையில் கொடுத்து உரிக்கச் சொன்னான். பிறகு கேட்டான், "மருந்தாவது விடறியா? குடுத்திருப்பாங்களே."

"இல்ல."

"எத்தனை நாளா?"

"விட்டதே இல்லை. ஜூன்ல டாக்டர் குடுத்த பாட்டிலைத் திறக்கவே இல்லை."

"ஜூன்ல இருந்தா?" தொகுஜியின் குரல் இறங்கிவிட்டது. "இருக்கறதைக் காப்பாத்தற மருந்துதானேக்கா அது?"

 கினுயோ விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஏழு மாதம். அந்தக் காகிதம் ஏழு மாதத்துக்கு முந்தையது; நடுவில் இருந்த வெளுப்பு இப்போது எவ்வளவு மிச்சம் என்று அவளுக்குத் தெரியாது. உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சு கையிலிருந்து நழுவியது. எந்தப் பக்கம் உருண்டது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தொகு, முழுசாப் போயிடுமா?"

அவன் கிண்டல் செய்யவில்லை. "தெரியலக்கா," என்றான்.

"எனக்குப் பயமா இருக்கு," என்று சொல்லி அவள் சத்தமாக அழத் தொடங்கினாள்.