டெய்சிக்குப் பத்து நாள் காவல் இருந்த லீலாபாய் பெரியம்மா

நாகர்கோவில் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா போன் செய்தபோது காலை பதினொரு மணி. நான் அடுக்களையில் நாய்களுக்குச் சோறு ஆற வைத்துக்கொண்டிருந்தேன். "மக்கா, பெரியம்மா போயிட்டா" என்று அம்மா சொன்னாள். முந்தின நாள்தான் நெஞ்சு அடைக்கிறது என்று பெரியம்மாவே ஆட்டோவை அழைத்து, யார் கையையும் பிடிக்காமல் நடந்து போய் ஏறியிருந்தார்கள். போனை வைத்த பிறகு நான் மறுபடியும் சோற்றைக் கிளறினேன். அது எப்போதோ ஆறிவிட்டிருந்தது.

ஆரல்வாய்மொழியில் அவர்களை 'நாய்க்கார நர்ஸ்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். என் அம்மாவின் அக்கா. பிறந்தது புதுக்கடை. வளைகுடாவில் பதினாறு வருடம் நர்ஸாக வேலை பார்த்தார்கள். பெரியப்பா காலமானதும் அவருடைய இந்த வீட்டுக்கு வந்து இரண்டு கிரேட் டேன் நாய்க்குட்டிகளை வளர்த்தார்கள். ஆண் புரூனோ, பெண் டெய்சி. இப்போது இரண்டும் நின்றால் என் இடுப்புக்கு மேலே வரும். மூன்று வருடத்துக்கு முன்பு, ஒன்பதாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தினேன். வகுப்பில் எழுந்து நின்றால் எனக்குப் பேச்சே வராது. அப்போது பெரியம்மா, தனக்கு இன்னொரு ஜோடிக் கை வேண்டும் என்று சொல்லி என்னை இங்கே அழைத்து வந்தார்கள்.

அந்த இரண்டின் பழக்கங்களைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வீட்டில் இருக்க முடியாது. புரூனோ பின்பக்கத்தை மட்டும் நாற்காலியில் வைத்து, முன்கால்களைத் தரையில் ஊன்றி, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆள் மாதிரி உட்காரும். யாராவது நின்றால் முழுப் பாரத்தையும் அவர்கள்மேல் சாய்க்கும். அதனால் நாங்கள் சுவரை ஒட்டியே நிற்போம். டெய்சி, வருகிறவர்களின் மணிக்கட்டை வாயில் கவ்வி அடுக்களை வரை கூட்டிப்போகும். பல் படாது. ஆனால் கையை இழுக்கக் கூடாது. டெய்சிக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. கிண்ணத்துத் தண்ணீரில் யாராவது கையை வைத்திருந்தால்தான் குடிக்கும். காற்றில் அசைகிற தண்ணீரைக் கண்டால் உறுமிக்கொண்டு பின்வாங்கும். காற்றாலைகள் சுற்றுகிற எங்கள் ஊரில் தண்ணீர் அசையாத நாள் குறைவு.

போன ஆடியில் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா ஒரு தட்டில் பலாச்சுளையோடு கேட்டைத் திறந்து வந்தார். பெரியம்மா குளித்துக்கொண்டிருந்தார்கள். டெய்சி போய் அவர் மணிக்கட்டைக் கவ்வியது. நான் வராந்தாவில் பார்த்துக்கொண்டு நின்றேன். இழுக்காதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் வாய் திறக்கவில்லை. அவர் பயந்து கையை இழுத்தார். மணிக்கட்டில் இரண்டு கோடாக ரத்தம் வந்தது.

ஈரத் தலையோடு ஓடிவந்த பெரியம்மா, குழாயடியில் அந்தக் கையைச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினார்கள். செல்வி அக்காவின் கணவர் முருகன் அண்ணன் வந்து, நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டார். போட்டாயிற்று என்று சொல்லியிருக்கலாம். யாரும் தாள் கேட்கப் போவதில்லை.

"போன வருஷம் போட்டது. இந்த வருஷம் மறந்துட்டேன். தப்பு எனக்குள்ளது" என்றார்கள் பெரியம்மா.

முருகன் அண்ணன் முகம் மாறியது. அந்த நாயை இன்றைக்கே முடித்துவிடுவதாகச் சொன்னார். பெரியம்மா குரலை உயர்த்தாமல் விளக்கினார்கள். செல்வி அக்கா எல்லா ஊசியையும் போட்டே ஆக வேண்டும். அதோடு, பத்து நாள் டெய்சி சுகமாக இருந்துவிட்டால் அது கடித்ததால் பயமில்லை என்று உறுதியாகிவிடும். இடையில் யாராவது நாயைக் கொன்றுவிட்டால், செல்வி அக்கா மனத்திலிருந்து அந்தப் பயம் போகவே போகாது. முருகன் அண்ணன் செல்வி அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து பெரியம்மா டெய்சியைப் பின்கட்டில் கட்டிப்போட்டு, நாற்காலியை மதிலோரம் கொண்டுபோய் உட்கார்ந்தார்கள். கல்லோ விஷம் வைத்த கறியோ, வெளியிலிருந்து என்ன வந்து விழுந்தாலும் முதலில் அவர்கள் கண்ணில்தான் பட வேண்டும். டெய்சியின் பக்கம் நான் போகவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீர் கொடுக்கும்போதும் என்னை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார்கள். அது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

நான்காம் நாள் பெரியம்மா செல்வி அக்காவை அடுத்த ஊசிக்கு ஆட்டோவில் அழைத்துப் போனார்கள். கிண்ணம் பின்முற்றத்திலேயே, டெய்சியின் பக்கத்தில் இருந்தது. காற்று பலமாக அடித்தது. டெய்சி கிண்ணத்தைப் பார்த்து உறுமிப் பின்வாங்கியது. வாயிலிருந்து எச்சில் வடிந்தது. அந்த ஜாதி நாய்க்கு எப்போதும் வடிவதுதான். மதிலுக்கு மேல் முருகன் அண்ணன் தலை தெரிந்தது. "தண்ணியக் கண்டு பயப்படுது" என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. வெறிநாய் தண்ணீருக்கு அஞ்சும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆட்டோ திரும்பி வரும்போது கேட்டில் ஐந்து பேர் நின்றார்கள். ஒருவர் கையில் கம்பி இருந்தது.

பெரியம்மா இறங்கி எல்லோர் முகத்தையும் பார்த்தார்கள். "இவ வெள்ளம் குடிச்சா போவியளா?" என்று கேட்டார்கள்.

"குடிக்கட்டு, பாப்போம்" என்றார் முருகன் அண்ணன்.

பெரியம்மா அவர்களைப் பின்முற்றத்துக்குக் கூட்டிவந்து, சேலையை ஒதுக்கித் தரையில் உட்கார்ந்து, கிண்ணத்தில் கையை வைத்தார்கள். கூட்டத்தைப் பார்த்த டெய்சி நடுங்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றது. அவர்கள் கூப்பிடவில்லை. கையையும் எடுக்கவில்லை. பிறகு அது மெல்ல வந்தது. வந்து, தண்ணீரில் வாய் வைக்காமல் அவர்கள் மணிக்கட்டைக் கவ்வியது. கம்பி மேலே போனதை நான் பார்த்தேன்.

"யாரும் அனங்காண்டாம்" என்றார்கள் பெரியம்மா, திரும்பாமலே.

யாரும் அசையவில்லை. அந்தக் கை எவ்வளவு நேரம் அதன் வாய்க்குள் இருந்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு டெய்சி கையை விட்டது. மூக்கைத் தாழ்த்தி, அவர்கள் விரல்களுக்கு நடுவே தண்ணீரை நக்கிக் குடிக்க ஆரம்பித்தது.

முதலில் பேசியவர் செல்வி அக்கா. "குடிச்சிட்டுல்லா. எல்லாரும் போங்க."

எல்லோரும் போனபின் குழாயடியில் பெரியம்மா கையைக் கழுவினார்கள். சோப்பு இரண்டு தடவை நழுவி விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். உங்களுக்கு முதலிலேயே உறுதியாகத் தெரியுமா என்று கேட்டேன்.

"எப்படித் தெரியும் மக்கா? ஊசி போடாத பட்டி. எனக்கும் பயந்தான்."

என்னை ஏன் விலக்கி வைத்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அன்று வராந்தாவில் நான் வாய் திறக்காமல் நின்றதை அழுதுகொண்டே சொன்னேன். அவர்கள் குழாயை மூடினார்கள்.

"நீ வாய் தெறக்கல்ல. நான் ஊசி போடல்ல. நம்ம ரெண்டு பேருக்க தப்புக்கு அவளக் கொல்லணுமா? நாளைக்குப் போய்ச் செல்விட்ட சொல்லு."

மறுநாள் செல்வி அக்கா வீட்டு வாசலில் நின்று சொன்னேன். சொல்லி முடிக்க நிறைய நேரம் ஆயிற்று. அவர் கேட்டுவிட்டு, "ஏட்டி, உனக்கு வாய் இருக்குன்னே இன்னைக்குத்தான் தெரியுது" என்றார்.

பத்தாம் நாள் டெய்சி வழக்கம்போல் சோறு தின்றது, குரைத்தது, தண்ணீருக்கு உறுமியது. செல்வி அக்கா கேட்டுக்கு வெளியே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. பெரியம்மாவும் கூப்பிடவில்லை. மீதி ஊசிக்கு மட்டும் தவறாமல் அவரை அழைத்துப் போனார்கள். கடைசி ஊசி முடிந்து திரும்பிய அன்றே இரண்டு நாய்களையும் கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிப்போய்த் தடுப்பூசி போட்டார்கள். முருகன் அண்ணன் பெரியம்மாவிடம் பேசச் சில மாதங்கள் ஆயின. அதைப் பற்றி அவர்கள் குறை சொல்லி நான் கேட்டதில்லை. "பொண்டாட்டிக்கு ஒண்ணு வந்துரும்னு பயந்தவன் அப்பிடித்தான் நிப்பான்" என்றார்கள்.

அடக்கத்தன்று வீடு நிறைய ஆட்கள். நாய்கள் இரண்டும் பின்னறையில் கத்திக்கொண்டிருந்தன. யாராவது ஒருவர் அவற்றோடு இருக்க வேண்டும். அது நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். கல்லறைத் தோட்டத்துக்குப் போக முடியாதே என்று நான் அந்தக் கதவருகே நின்றபோது செல்வி அக்கா வந்தார். முருகன் அண்ணன் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"நீ போ. நான் இருக்கேன்" என்று சொல்லி, அவரே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கல்லறையில் காற்று போதகரின் ஜெபத்தைப் பாதிக்கு மேல் கொண்டுபோய்விட்டது. நான் ஒரு பிடி மண் போட்டேன். திரும்பி வந்து பின்னறையைத் திறந்தபோது செல்வி அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் புரூனோ, ஒரு பக்கம் டெய்சி, இரண்டும் உறங்கிக்கொண்டிருந்தன. அவர் சேலை முழுக்க எச்சிலும் முடியும். எழுப்பிவிடாதே என்று எனக்குக் கை காட்டினார்.

பெரியம்மா, கேட் பூட்டியிருக்கிறது. இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டார்கள். நீங்கள் உறங்குங்கள்.