திரைக்கு இந்தப் பக்கத்து வெளிச்சம்

தாராவியில் தோல்பை தைக்கும் சாயிமாவை நல்ல புகைப்படக்காரி என்று நான் சொல்ல மாட்டேன். அவள் எடுக்கும் படங்களில் தலைக்கு மேல் வெற்றிடம் அதிகம். ஆனாலும் நிக்காஹ் என்றால் பெண்கள் பக்கத்துக்கு அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். அங்கே ஆண் வரக்கூடாது. போனில் எடுத்தால் படம் யார் யார் கைக்குப் போகும் என்று தெரியாது. சாயிமாவிடம் இருப்பது பழைய டிஜிட்டல் கேமரா. எடுத்து முடித்ததும் மெமரி கார்டைக் கழற்றி மணப்பெண் கையில் கொடுத்துவிடுவாள். தனக்கென்று ஒரு படமும் வைத்துக்கொள்வதில்லை.

சுனாபட்டியில் ஒரு கல்யாண ஹாலில் நுஸ்ரத்தின் நிக்காஹ். அவளுடைய உம்மா சபுரா இடுப்பெலும்பு முறிந்து சயான் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஹாலிலிருந்தே மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் புனேவுக்கு அழைத்துப் போகிறார்கள்.

"உம்மா என்னைய இந்தக் கோலத்துல பாக்கணும் லாத்தா. ஒரு படமாவது தெளிவா வேணும்" என்று நுஸ்ரத் சாயிமாவிடம் கேட்டிருந்தாள்.

ஹாலை நடுவே துணித்திரை கட்டிப் பிரித்திருந்தார்கள். நல்ல விளக்கெல்லாம் ஆண்கள் பக்கம். இந்தப் பக்கம் ஒற்றை டியூப்லைட். சாயிமா பட்டனைத் தள்ள, கேமராவின் தலையிலிருந்து ஃப்ளாஷ் எழுந்து நின்றது. முதல் படத்துக்கே வெளிச்சம் திரைக்கு மேலாகப் பாய்ந்து அந்தப் பக்கக் கூரையில் பளிச்சிட்டது. ஆண்களின் பேச்சு சட்டென்று நின்றது. மாப்பிள்ளையின் மாமி ஷைஸ்தா விரைந்து வந்தாள்.

"போட்டோவ பந்த் பண்ணுளா. உள்ள படம் எடுக்கது யாருன்னு அங்கன பெரியாளுவ கேக்காவ."

"நாந்தான்னு சொல்லுங்க மாமி" என்று சாயிமா சிரித்தாள்.

"சிரிக்காத. ஃப்ளாஷ் இல்லாம எடு."

சாயிமா எடுத்துப் பார்த்தாள். நுஸ்ரத்தின் முகம் கலங்கிய தண்ணீரில் தெரிவதுபோல் இருந்தது. தூணில் சாய்ந்து, மூச்சை அடக்கி மறுபடி எடுத்தாள். அதுவும் அப்படியே. அதைப் பார்த்து நுஸ்ரத் அழத் தொடங்கினாள்.

"இத ஒங்க உம்மாகிட்ட நான் காட்ட மாட்டேன்" என்றாள் சாயிமா. "மாமி, வெளிச்சம் அந்தப் பக்கம் போகக்கூடாது, அவ்வளவுதான? போகாது."

சாப்பாட்டுக்கு விரிக்க மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணிகளை எடுத்து வந்தாள். பெண்களை மணப்பெண்ணைச் சுற்றி நிறுத்தி, ஆளுக்கொரு முனையைக் கொடுத்தாள். தலைக்கு மேலும் ஒரு துணி. அதில் ஒரு முனைக்கு ஆள் இல்லை.

"நீங்க உயரம் மாமி. இதப் பிடிங்க."

"எனக்குத் தோள்வலி."

"நேத்து மருதாணிப் பாட்டுக்கு அவ்வளவு கைதட்டுனீங்களே, அப்ப வலிக்கலியா?"

பெண்கள் சிரித்தார்கள். ஷைஸ்தா முனையைப் பிடித்தாள்.

துணிக்கூடாரத்துக்குள் ஃப்ளாஷ் அடித்தது. கூரையில் ஒன்றும் தெரியவில்லை. முகத்தில் நேராக அறையும் அந்த வெளிச்சம் துணிகளில் பட்டுத் திரும்பி, கன்னங்களின் ஓரத்துக்கும் வந்திருந்தது. மறைப்பதற்காகத்தான் அவள் துணியை எடுத்தாள். படம் அழகாக வந்தது தற்செயல்.

"நீங்களே உம்மாகிட்ட காட்டிட்டு, கார்ட அங்கயே குடுத்துருங்க லாத்தா" என்று சொல்லிவிட்டு நுஸ்ரத் காரில் ஏறினாள்.

ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டிலைச் சுற்றி ஆண்கள் நின்றார்கள். சாயிமா கேமராவைச் சபுராவின் முகத்தருகே கொண்டுபோய், தன் துப்பட்டாவால் மறைத்துப் பிடித்தாள். சபுரா நெடுநேரம் பார்த்தாள்.

"அழுதிருக்காளே."

"கொஞ்சந்தான் சாச்சி."

"மூக்குத்தி நல்லாத் தெரியுது" என்றாள் சபுரா. "அடுத்ததக் காட்டு."