கொய்யா மரத்தடியில் நான்கு இலைகள்

ஜனவரி 17, சனிக்கிழமை, காணும் பொங்கல். ஐந்தரைக்கு எழுந்தேன். பால் வாங்கி வந்து, செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, நாட்குறிப்பில் பனி அதிகம் என்று எழுதினேன்.

அன்று மதியம் விருந்தாளிகள் வருவதாக இருந்தது. மனைவி இறந்த பிறகு, ஆறு வருடத்தில் முதல் முறை. கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் முருகேசனைக் குடும்பத்தோடு அழைத்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் ஜமக்காளம் விரித்து, நான்கு இலை போட்டு, புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்து வைத்தேன். அவர் மகளுக்காகக் கிளையில் ஊஞ்சலும் கட்டினேன்.

இரண்டு மணிவரை யாரும் வரவில்லை. ஓர் இலையில் மட்டும் சாப்பிட்டேன்.

உள்ளே மேசைமேல் விட்டிருந்த கைப்பேசியை எடுத்து, கோபத்தோடு முருகேசனை அழைத்தேன்.

"வரலைன்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"இன்னா சார், நல்லா கேட்டீங்க! மூணு பேரும் உங்க கேட்டாண்ட கால் மணி நேரம் நின்னுகினு இருந்தோம். வெளிய பூட்டு தொங்குது, போனும் எடுக்கல. சார் நம்மள மறந்துட்டு எங்கியோ போய்ட்டாருன்னு திரும்பிட்டோம். பாப்பா ஒரே அழுகை."

உள்ளே இருந்துகொண்டே, கேட் கம்பி வழியாகக் கையை விட்டு வெளிப்பக்கம் பூட்டுவது என் பழக்கம். பூட்டைப் பார்த்தால் ஆளில்லை என்று யாரும் மணியடிக்க மாட்டார்கள். அன்றும் கை தானாகப் பூட்டியிருக்கிறது.

'இன்று யாரும் வரவில்லை' என்று எத்தனை நாள் எழுதியிருக்கிறேன்! அவற்றில் எத்தனை நாள் யாராவது வந்து திரும்பிப் போனார்களோ.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கவரைப்பேட்டைக்குப் போய், முருகேசன் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறக்கும்வரை நின்றேன்.