பிரசவ அறைக்குள் வந்த சாமி

ராயபுரத்தில் மீன்பிடிக்கிறவர்கள் குடியிருந்த சந்து ஒன்றில் ஒரு தர்ம சங்கத்தின் பேரில் நாங்கள் ஒரு பிரசவ அறை நடத்திவந்தோம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் தாதி வேலை பழகிவிட்டு அங்கே சேர்ந்தேன். சங்கம் என்று பெயரே தவிர, ஓட்டுவீடு ஒன்று, இரண்டு கட்டில், ஒரு வெந்நீர் அண்டா, நான், அவ்வளவுதான். வியாபாரிகள் சிலர் செலவைப் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர், தெற்கேயிருந்து வந்து மிளகாய் மண்டி வைத்தவர். யாரிடமும் காசு வாங்கியதில்லை.

வீட்டுவரி கேட்டு கார்ப்பரேஷன் ஆள் வந்தான். தர்ம காரியத்துக்கு வரி கிடையாது என்று யாரோ சொல்ல, நானும் செயலாளரும் போய் மனுக் கொடுத்தோம். மனுவைப் படித்த அதிகாரி, "ஆஸ்பத்திரின்னா டாக்டர் எங்கே?" என்றார். பிறகு ஒருநாள் பார்வையிட வந்தார். வாசற்படி ஏறவில்லை, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். உள்ளே ஒருத்தி முந்தின நாள் பெற்ற பிள்ளையை அணைத்துப் படுத்திருந்தாள். அவள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"இதை ஆஸ்பத்திரின்னு எழுத முடியாது," என்றவர், செயலாளரிடம் குரலைத் தாழ்த்தினார். "உள்ளே ஒரு சாமியை வைங்க. கோயில்னு எழுதிட்டா ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டாங்க."

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். செயலாளருக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "பேருக்குத்தானே தங்கச்சி, ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

அம்மன் வந்தாள். பின்னாலேயே பூசாரி வந்தார், உண்டியல் வந்தது. அதுவரை எட்டிப் பார்க்காத வியாபாரிகள் வெள்ளிதோறும் மனைவிமாரோடு வந்தார்கள். கூட்டத்துக்கு இடம் போதவில்லை என்று ஒரு கட்டிலைத் தூக்கி வெளியே போட்டார்கள். வரிவிலக்கு உத்தரவு வந்த அன்று சர்க்கரைப் பொங்கல் வழங்கினார்கள். என்னிடமும் ஒரு தொன்னையை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை.

ஆடி வெள்ளியன்று மீன் விற்கிற பெண் ஒருத்தி, வலி கண்ட மகளைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். மாலைப் பூசைக்காகக் கழுவிவிட்டுக் கதவைப் பூட்டியிருந்தார்கள். கோயிலான பிறகு சாவி செயலாளரிடம் இருந்தது, அதற்காக மண்டிக்கு ஓடினேன்.

"இன்னிக்குப் போய் அங்க தீட்டாகலாமா தங்கச்சி?" என்றார் செயலாளர்.

"அது பிரசவ அறை, அண்ணாச்சி."

"இப்ப அது கோயில்லா? சர்க்காரே எழுதிக் குடுத்திருக்கே!"

சொல்லிவிட்டு மிளகாய் மூட்டைகளை எடைபோடப் போய்விட்டார்.

வெறுங்கையோடு திரும்பினேன். "இன்னாக்கா, தொறக்கலியா? பொண்ணு துடிச்சிகினு கீது," என்றாள் தாய். விஷயத்தைச் சொன்னேன். பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "போன வருசம் என் மூத்தவ இங்கதானக்கா பெத்தா?" என்றாள்.

வலை போட்டுவைக்கிற கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். சந்துப் பெண்கள் புடவைகளைத் திரையாகப் பிடித்துக்கொண்டார்கள். மீன் செதிலும் ஈயுமாக இருந்த தரையில் அந்தப் பெண் பெற்றாள். பெண் குழந்தை. இரண்டு உயிரும் பிழைத்தன.

மறுநாள் கோயில் திறந்திருந்தபோது போனேன். "செருப்பு, செருப்பு!" என்று பூசாரி கத்தினார். கழற்றாமலே உள்ளே போய், என் கத்தரிக்கோலையும் பீங்கான் பேசினையும் எடுத்துக்கொண்டு வந்தேன். செயலாளர் இரண்டு முறை ஆளனுப்பினார். நான் போகவில்லை. அதன்பிறகு வீடுவீடாகப் போய்ப் பிரசவம் பார்த்தேன்.

கோயில் நன்றாக நடந்தது. நான் பிரசவம் பார்த்த பெண்களே முப்பது நாள் தீட்டுக் கழிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்க் கும்பிட்டார்கள். என்னையும் கூப்பிடுவார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.