மல்லாட்டை மட்டும் விளம்பரமா?

திருவண்ணாமலைக்காரர்களுக்கான முகநூல் குழு ஒன்றுக்கு நான் அட்மின். விளம்பரம் கூடாது என்பது நானே போட்ட விதி. அதில் ரொம்பக் கறார் என்று எனக்குப் பெருமை வேறு.

ஒரு பௌர்ணமிக்கு முந்தின நாள், கீழ்பென்னாத்தூர் செல்வி என்பவர், "புது மல்லாட்டை இருக்கு, வேணும்னா சொல்லுங்க" என்று பதிவிட்டார். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. உடனே நீக்கினேன்.

சற்று நேரத்தில் அவரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. தன் லாட்ஜில் ரூம் காலி என்று என் மச்சான் காலையில் அதே குழுவில் போட்ட பதிவு. அதன் கீழே, "பயனுள்ள தகவல், மச்சான்!" என்று நானே எழுதியிருந்தேன்.

"அண்ணா, அவரு ரூம் இருக்குன்னா தகவல், நான் மல்லாட்டை இருக்குன்னா விளம்பரமா?"

வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன். "இதைக் குழுவுலயே போட்டு என் மானத்த வாங்கியிருக்கலாமேம்மா?" என்றும் கேட்டேன்.

"எல்லார் எதிர்லயும் கேட்டா சண்டைக்குத்தான் வருவீங்க. தனியா கேட்டா யோசிப்பீங்கன்னு தோணுச்சு."

முன்பின் தெரியாத ஒருவர் என்னை அவ்வளவு நம்பியிருக்கிறார். இப்போதெல்லாம் எதையும் நீக்குமுன், இதை மச்சான் போட்டிருந்தால் என்று ஒரு முறை யோசிக்கிறேன்.

அந்த ஸ்க்ரீன்ஷாட்டை மறுநாள் குழுவில் நானே போட்டேன். 'பயனுள்ள தகவல்' என்று தலைப்பும் கொடுத்தேன்.