சிலிண்டரைப் படுக்க வைத்த நோன்பு

அதியமான்கோட்டையில் ரோட்டை ஒட்டி இருக்கிற குடோன் நான் கட்டியது. தருமபுரியில் இப்போது குடியிருக்கிற மாடி வீடு நான் கட்டியது. என் மகன் சாதிக் ஓட்டுகிற வண்டிகளுக்கெல்லாம் முதல் போட்டது நான். மூன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவன். அத்தா சொத்து என்று ஒரு சைக்கிள்கூட எனக்கு வரவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர்கள் வெட்டிக் கழிக்கிற துண்டுத் துணியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, இங்கே லாரிப் பட்டறைகளில் கை துடைக்க விற்கலாம் என்று இந்தப் பக்கத்தில் முதலில் யோசித்த ஆள் நான்தான். வேறு யாராவது அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தால் என்னிடம் அனுப்புங்கள், பேசிக்கொள்கிறேன்.

இப்படிப்பட்ட நான் போன வாரம் முட்டைக்கோஸ் வாசனைக்குப் பயந்து, சட்டைகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன்.

மத்தியானம் ஹாலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். மூக்கில் அந்த நாற்றம் ஏறியது. அழுகின மாதிரி, இனிப்பான மாதிரி, கேஸுக்கே உரிய நாற்றம். "ஸ்விட்ச்சத் தொடாதீங்க! எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினது எனக்கே தெரியாது. செருப்பில்லாமல் தெருவில் நிற்கிறேன். மேலே ஜன்னலில் மருமகள் ஷமீம் எட்டிப் பார்த்தாள்.

"மாமா, அது கோஸு மாமா! மூடி வெச்சு வேக வெச்சிருக்கேன்."

அவள் பக்கத்தில் என் வீட்டுக்காரி மைமூன். ஒரு துளி பதற்றமில்லை. "நீ வுடும்மா. அவரு அன்னிக்கு ஓடுனவரு, இன்னும் நிக்கவே இல்ல" என்றாள். தெருவே கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் படியேறினேன். அந்தப் பிடியில் பாதிதான் கேஸுக்கு. மீதி, அந்த 'அன்னிக்கு' என்ற வார்த்தைக்கு.

எங்கள் குடும்பத்தில் அந்த நாளைப் பற்றி ஒரு கதை ஓடுகிறது. வீட்டில் கேஸ் கசிந்தது, உள்ளே மைமூன் தனியாக மாட்டிக்கொண்டாள், புருஷன்காரன் அவளை விட்டுவிட்டு ஓடிப்போனான் என்பது கதை. ஒவ்வொரு நோன்பு மாதமும் அதற்கு ஒரு புதுக் காது கிடைத்துவிடுகிறது. எனக்கு வயதாகிவிட்டது. எனக்குப் பிறகு என்னைப் பற்றி நிற்கப்போவது குடோனா, இந்தக் கதையா என்று யோசித்தால் தூக்கம் வருவதில்லை. அதனால்தான் முழுசாக எழுதிவிடுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் நீங்களே சரிபண்ணிப் படித்துக்கொள்ளுங்கள்.

வாசனை என்று ஆரம்பித்தேன் இல்லையா, பனியன் வேஸ்ட்டுக்கும் ஒரு வாசனை உண்டு. சாயமும் மிஷின் எண்ணெயும் புதுத் துணியும் கலந்த வாசனை. மூட்டையைப் பிரித்தால் குப்பென்று வரும். என் சோற்றுக்கு வழி அதுதான். என் பயத்துக்கும் வழி அதுதான். திருப்பூரில் ஒருமுறை வேஸ்ட் குடோன் எரிந்ததைப் பார்த்தேன். எரிந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. மேலே ஒன்றும் தெரியாது. உள்ளுக்குள்ளேயே கனன்று கனன்று போகும். தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டோம் என்று எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள், திரும்பி வந்தபோது கூரை உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு நெருப்பு என்றால் உடம்பு சில்லிட்டுப் போகும். என் குடோனுக்கு வருகிறவன் பீடியை ரோட்டிலேயே போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். "பாய்கிட்ட வேஸ்ட்டு வாங்கப் போறதுக்கு முன்னாடி பாக்கெட்டத் தட்டிக் காட்டணும்டா" என்று டிரைவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும். என் குடோன் எரியவில்லை.

அப்போது நாங்கள் குடோனுக்குப் பின்னாலேயே குடியிருந்தோம். முன்னால் கூரை முட்டும் வேஸ்ட் மூட்டைகள், நடுவே ஒரு சந்து, பின்னால் ஒரு அறையும் சமையல்கட்டும். சமையல்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் முருகேசனின் லாரிப் பட்டறை. சமையல்கட்டுச் சாக்கடை சுவரில் ஒரு ஓட்டை வழியாக அவன் பட்டறை ஓரமாகத்தான் போகும். "பாயம்மா வூட்டு ரசம் இன்னிக்கு எங்கூட்டுக்குத்தான் வருது" என்று அங்கிருந்து கத்துவான்.

மைமூனின் சிக்கனத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. புளியை மூன்று முறை கரைப்பாள். மூன்றாவது தண்ணீரில் செம்புப் பாத்திரம் தேய்ப்பாள். காலையில் மீந்த கேழ்வரகுக் களியைத் தண்ணீரில் போட்டு மறுநாள் மோர் விட்டுக் கரைப்பாள். அது எல்லார் வீட்டிலும் உண்டு. இவள் அந்தக் களித் தண்ணீரையும் விடமாட்டாள், என் வெள்ளை வேட்டிக்குக் கஞ்சி போட்டுவிடுவாள். வேட்டி செம்மண் நிறத்தில் விறைத்து நிற்கும். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்துகிற பனியன் துண்டுகளைச் சேர்த்துப் பிள்ளைக்கு ஜட்டி தைத்தாள். முன்பக்கம் சிவப்பு, பின்பக்கம் பச்சை. பள்ளிக்கூடத்தில் கபடி விளையாடும்போது டவுசர் நழுவி, "டேய் சாதிக்கு சிக்னல் போட்டுட்டான்டா" என்று ஊரே சிரித்தது. பையன் அழுதுகொண்டு வந்தான். "உள்ள போடறதுக்கு கலரு எதுக்குடா, துணி நல்ல துணி" என்று அவனைத் திருப்பி அனுப்பினாள்.

தீர்ந்துபோகிற எதையும் அவள் தீர விடமாட்டாள். எண்ணெய் டின்னைச் சாய்த்துப் படுக்க வைப்பாள். பற்பசையைப் படுக்க வைத்து உருட்டுக்கட்டையால் தேய்ப்பாள். எங்கள் வீட்டில் 'படுக்க வெச்சாச்சு' என்றால் கடைசிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மாதக் கடைசியில் சில்லறை கேட்டால், "மாசத்தப் படுக்க வெச்சாச்சு, போங்க" என்பாள்.

அந்த வீட்டுக்குக் கேஸ் அடுப்பைக் கொண்டுவந்தது நான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். விறகடுப்பிலிருந்து பொறி பறக்குமே, பம்ப் ஸ்டவ் குப்பென்று பிடிக்குமே என்று பயந்து பயந்து, மனுப்போட்டு, அலைந்து வாங்கினேன். சிலிண்டர் கொண்டுவந்து மாட்டின ஆளிடம், "கசிஞ்சா எங்க போவுமுங்க?" என்று கேட்டேன். "தண்ணி மாதிரி பாய். மேல போவாது, தரையோட ஊர்ந்து போவும்" என்றான். அந்த ஒரு பேச்சு என் தலையில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது.

ஒரே ஒரு சிலிண்டர். தீர்ந்தால் அடுத்தது வருகிறவரை விறகுதான். மைமூனிடம் யாரோ சொல்லிவிட்டார்கள், அடுப்பு மங்கினால் சிலிண்டரைப் படுக்க வைத்துச் சுடுதண்ணீர் ஊற்றினால் இன்னும் இரண்டு நாள் வரும் என்று. அவளுக்குச் சொல்லவா வேண்டும்? எனக்குத் தெரியவந்த ஒவ்வொரு முறையும் சண்டை போட்டிருக்கிறேன். "வெடிச்சா என்னடி பண்ணுவ?" "வெடிக்கறதுக்கு உள்ள என்ன மீதி இருக்கு? அதத்தான் வெளிய வரவெக்கறேன்."

நோன்பு மாதம், சாயங்கால நேரம். நோன்பு திறக்கக் கஞ்சி அடுப்பில் இருந்தது. அரிசி பாதி வெந்த நிலையில் அடுப்பு மங்கியது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, பெரிய அலுமினியத் தட்டில் சுடுதண்ணீர் ஊற்றி, சிலிண்டரை அதில் படுக்க வைத்துக் காலால் உருட்டியிருக்கிறாள். அந்தச் சிலிண்டரின் டியூப் பழசு. வெடிப்பு விட்ட இடத்தில் பனியன் துண்டைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தாள், மாற்றினால் செலவு என்று. உருட்டின வேகத்தில் டியூப் இழுபட்டு, அடுப்புப் பக்கத்தில் கழன்றுகொண்டது.

நான் குடோனில் வேஸ்ட்டை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். முதலில் சத்தம் கேட்டது. பாம்பு சீறுகிற மாதிரி, ஆனால் நிற்காமல். அப்புறம் நாற்றம். சந்தில் ஓடிப்போய்ப் பார்த்தேன். சமையல்கட்டுத் தரையெல்லாம் வெள்ளைப் புகை. அது சூடான புகை இல்லை, என் காலில் பட்டபோது ஐஸ் மாதிரி இருந்தது. அதற்கு நடுவில் மைமூன் குனிந்து ரெகுலேட்டரைத் தடவிக்கொண்டிருக்கிறாள். தலை முக்காடுதான் தெரிந்தது.

எனக்குப் பின்னால் கூரை முட்டும் வேஸ்ட். எனக்கு முன்னால் என் பெண்டாட்டி. கால் இரண்டும் தரையில் ஒட்டிக்கொண்டன. காது அடைத்து, உலகமே பஞ்சுக்குள் போன மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது கேட்டது. ஜ்ஜ்ஜ் என்று. முருகேசன் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான்.

புகை எங்கே போகிறது என்று பார்த்தேன். தண்ணீர் மாதிரி ஊர்ந்து, சாக்கடை ஓட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"தீக்குச்சி கிழிக்காத! நான் போய் நிறுத்தறேன்!" என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைத்தேன். நோன்பில் காய்ந்த தொண்டை, அதற்கு மேல் பயம். காற்றுதான் வந்திருக்கும். மைமூன் தலையைத் தூக்கிப் பார்த்த நேரத்தில் நான் திரும்பிவிட்டேன். அவள் பார்த்தது என் முதுகை மட்டும்.

குடோனைச் சுற்றி ரோட்டுக்கு வந்து, பட்டறைக்குள் ஓடினேன். எவ்வளவு தூரம் இருக்கும்? கூப்பிடு தூரம்தான். அன்றைக்கு அது மாவட்டத்தின் அந்தக் கோடியில் இருக்கிற ஏரியூருக்கு நடந்து போகிற மாதிரி நீண்டது. ஒவ்வொரு அடியிலும் இப்போது வெடிக்கும், இப்போது வெடிக்கும் என்று முதுகு கூசியது. முருகேசன் டிப்பர் லாரியின் பக்கத் தகட்டுக்கு அருகே, முகமூடிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் குந்தியிருந்தான். பொறி தரையில் கொட்டிச் சாக்கடை ஓரம் வரை உருண்டு போனது. நான் யோசிக்கவில்லை. நேரே அந்த வெளிச்சத்துக்குள் பாய்ந்து அவன் கையைப் பிடித்து மேலே தூக்கினேன்.

"யோவ் பாய்! கண்ணு போயிரும்யா! பைத்தியமா உனக்கு?"

"கேஸு... கேஸு..." என்றேன். சாக்கடையைக் காட்டினேன். அவன் மூக்கை உறிஞ்சினான். முகம் செத்துப்போனது. ஓடி மெயினை இறக்கிவிட்டு, பையன்களை ரோட்டுக்கு விரட்டினான்.

நாங்கள் இருவரும் திரும்பி வந்தபோது மைமூன் ரெகுலேட்டரை மூடிவிட்டிருந்தாள். அந்தக் குளிரில் அவள் விரல்நுனிகள் வெந்த மாதிரி வெளுத்திருந்தன, இன்றைக்கும் அந்த இடத்தில் அவளுக்குச் சூடு தெரியாது. சிலிண்டரை முற்றத்துக்கு உருட்டி ஈரச்சாக்குப் போட்டு மூடியிருந்தாள். நாற்றம் முழுக்கப் போன பிறகு, சிலிண்டருக்கு எட்டாத மூலையில் மூன்று கல் வைத்து விறகு மூட்டி, பாதி வெந்த கஞ்சியை அதில் ஏற்றி வேகவைத்தாள். ஒரு பருக்கை வீணாகவில்லை.

எப்போதும்போல முருகேசனுக்கு ஒரு தூக்குக் கஞ்சி உண்டு. வாங்க வந்தவனிடம் அவள் கேட்டாள். என் காதுபடக் கேட்டாள். "ஏன் முருகேசா, உங்க பாய் எங்க ஓடுனாரு?"

அவனுக்கு உயிர் திரும்பி வந்த சந்தோஷம். வாய் சும்மா இருக்குமா? "வேற எங்கீங்க பாயம்மா, எங்கிட்டத்தான் ஓடியாந்தாரு. டிப்பருக்கு அடியில ஒளியறதுக்கு எடங் கேட்டாருங்க" என்றான்.

மைமூன் சிரிக்கவில்லை. "அப்படியா" என்று மட்டும் சொன்னாள். அந்த 'அப்படியா'தான் இன்றுவரை கதையாக ஓடுகிறது.

வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் என்ன ஆகும் என்று பட்டறைக்காரர்களைக் கேளுங்கள். கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இரவெல்லாம் எரிந்து தண்ணீர் கொட்டியது. "வெல்டிங்க நிறுத்தத்தான் ஓடுனேன், அதுல பட்டது" என்றேன். "ஆம்பள அழுதா வெல்டிங்குன்னு சொல்லிக்கலாம்" என்றாள். ஆனாலும் உருளைக்கிழங்கை வட்டமாக அரிந்து கண்ணில் வைத்தாள். மறுநாள் குழம்பில் உருளைக்கிழங்கு கிடந்தது. அதே கிழங்குதான் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன்.

"ஏம்பா, உண்மையச் சொல்லிடுப்பா" என்று முருகேசனை எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்! "இருங்க பாய், பாயம்மா நல்ல மூடுல இருக்கறப்பச் சொல்றேன்" என்பான். அவள் கேட்டால் மறுபடியும் டிப்பரைத்தான் சொல்வான். அவனுக்கு அது விளையாட்டு. சாலையை அகலப்படுத்தியபோது எங்கள் சமையல்கட்டும் அவன் பட்டறையும் போயின. ஓசூரில் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தான். அங்கேதான் இறந்தான். துக்கத்துக்குப் போய் நின்றேன். அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. சாட்சியையும் கையோடு கொண்டுபோய்விட்டாயே என்று.

இப்போது அங்கே போனால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. சுவர் இல்லை, சாக்கடை ஓட்டை இல்லை, டிப்பர் நின்ற இடத்தில் பஸ் போகிறது. வீட்டில் போனில் ஒரு தட்டுத் தட்டினால் சிலிண்டர் வந்துவிடுகிறது. ஷமீம் தீர்ந்ததும் தூக்கி ஓரம் வைக்கிறாள், உள்ளே எவ்வளவு மீதி என்று அசைத்துக்கூடப் பார்ப்பதில்லை. டியூபை சாதிக் வருஷா வருஷம் மாற்றிவிடுகிறான். அந்தச் சத்தம், அந்த வெள்ளைப் புகை, அதைப் பார்த்தவர்களில் மிச்சம் நாங்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி என் முதுகைத்தான் பார்த்தாள்.

மைமூன் கையால் மூடினாள். அதை நான் எங்கும் மறைத்ததில்லை, அவள் சிக்கனமில்லாமல் இந்த மாடி வீடு இல்லை என்பதையும் யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அவள் மூடி முடிக்கிற வரைக்கும் நெருப்பு வராமல் நின்றது தானாக நிற்கவில்லை. நான் நிறுத்தினேன். வருகிற நோன்பில் கதையைச் சொல்லும்போது என் பங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயந்தான் என்று சொல்லுங்கள், சம்மதம். ஓடினான் என்று சொல்லுங்கள், அதுவும் சம்மதம். வெல்டிங்கை நிறுத்த ஓடினான் என்று சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, எனக்குக் கேட்கிற மாதிரி, மைமூன் வாயாலேயே சொல்ல வேண்டும்.