கண்ணால் கலந்த மாம்பழத் தயிர்

எங்கள் தெருவில் பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவரைக் கலர் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும் என்று மருந்துக்கடை அண்ணன் கேலி செய்வார். நான் பக்கத்துக் கடையில் சாவி வெட்டுகிறேன். கை சும்மா இருக்கும்போதெல்லாம் அக்கா வேலை செய்வதை வேடிக்கை பார்க்கப் போய்விடுவேன்.

உடைந்த ஓடு, பொம்மையின் கை, சட்டைப் பொத்தான் என்று எதையாவது நீட்டி, "இதே கலர் வேணும்" என்பார்கள். அக்கா அதை வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்ப்பார். பிறகு வெள்ளைப் பெயிண்ட் டின்னில் மஞ்சள் நாலு சொட்டு, சிவப்பு ஒன்று, கறுப்பு பாதி. முதலாளி ஒரு கம்ப்யூட்டர் மிஷின் வாங்கி வைத்தார். அது கலந்த நீலம் பழைய சுவரோடு ஒட்டவில்லை என்று ஒருவர் திரும்பி வந்தார். அக்கா தீக்குச்சி முனையளவு பழுப்பைத் தொட்டுக் கலக்கிக் கொடுத்தார். மறுநாள் அந்த மனிதர் வந்து, எது புதுசு எது பழசு என்று தனக்கே தெரியவில்லை என்றார். அன்றிலிருந்து அந்த மிஷின்மேல் அக்காவின் சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கிறது.

அக்காவைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அக்கா வீட்டில் கூடியிருந்தோம். நான், மருந்துக்கடை அண்ணன், எதிர்க்கடைத் தையல்காரம்மா. தையல்காரம்மா ரேடியோவில் கேட்டு ஒரு தாளில் எழுதி வந்திருந்தார். வடஇந்தியப் பாணிப் பழத் தயிர்ப் பானமாம். மாம்பழம், கெட்டித் தயிர், இஞ்சிச் சாறு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு, மேலே சோடா. அளவு எழுதுவதற்குள் பாட்டுப் போட்டுவிட்டார்களாம்.

அக்கா தாளைப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தார். அவருடைய கணவர் லாரி மெக்கானிக். வழியில் நின்றுபோன ஒரு வண்டியைப் பார்க்கப் போயிருந்தார்.

"அவர் வந்துரட்டுமே," என்றார் அக்கா.

"அவரு வர்றதுக்குள்ள தயிர் மோராயிடும். ஆரம்பிங்கக்கா," என்றார் தையல்காரம்மா.

அக்கா புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். பழங்களை நறுக்கி ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். கொட்டையை ஒட்டி வெளிறியிருந்த ஒன்றை ஒதுக்கினார். "இது புளிக்கும்." அண்ணன் சும்மா இருக்காமல் அதில் ஒரு துண்டை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார்.

வெண்ணிறத் தயிரில் பழக்கூழைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறினார். கோழிக்குஞ்சின் நிறம் வந்ததும் கை நின்றது. கரண்டியைத் தூக்கி, அது எப்படி வழிகிறது என்று கவனித்தார். இஞ்சிச் சாற்றைச் சொட்டு எண்ணி விட்டு, உப்பைப் போட்டார். ஏலக்காய்ப் பொடியைத் தூவி, மேலே எத்தனை புள்ளிகள் மிதக்கின்றன என்று குனிந்து பார்த்தார். போதாது போல. இன்னும் கொஞ்சம் தூவினார். பெயிண்ட் டின்முன் நிற்கிற அதே முகம்.

நாலு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி, மேலே சோடா விட்டார். நுரை பொங்கியது. ஒரு வாய் குடித்தேன். சில்லென்று இறங்கியது. முதலில் மாம்பழம், அதன் பின்னால் இஞ்சியின் ஒரு சுருக்கு, எல்லாம் அடங்கிய பிறகு ஏலக்காய் மட்டும் மெல்ல எழுந்து நின்றது. ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை.

தையல்காரம்மாதான் கேட்டார். "ஏங்க்கா, நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஒரு தடவகூட நீங்க ருசி பாக்கலையே?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"ருசி பாத்து என்ன பண்றது? நாலு வருஷம் ஆச்சு. ஒரு காய்ச்சல் வந்துச்சு, போச்சு. போறப்ப என் மூக்கையும் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. நாக்குல வெச்சா இனிப்பு தெரியும், புளிப்பு தெரியும். மாம்பழம் தெரியாது."

கேஸ் கசிவதுகூடத் தெரியாமல் ஒருமுறை அடுப்பைப் பற்றவைக்கப் போனாராம். கணவர் ஓடிவந்து கையைப் பிடித்தாராம். அதிலிருந்து தினமும் காலையில் பாலை முகர்ந்து, கெட்டதா இல்லையா என்று சொல்வது கணவரின் வேலை. "ஒடம்பெல்லாம் டீசல் நாத்தத்தோட வருவாரு. என் மூக்கு போனதுல அவருக்குத்தான் லாபம்," என்று அக்கா சிரித்தார். எங்களால் சிரிக்க முடியவில்லை.

"அப்ப இத எப்படிக் கலந்தீங்க?" என்றேன்.

"கண்ணாலதான். வேற எதால?"

நான் கையில் இருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்றீங்க. எப்படி நல்லாருக்குன்னு யாராச்சும் சொல்லுங்களேன்," என்றார் அக்கா.

அண்ணன் முந்திக்கொண்டார். "இனிப்பா, ஜோரா..."

"இனிப்பு எனக்கே தெரியுமே."

தையல்காரம்மா கண்ணை மூடி இன்னொரு வாய் குடித்தார். யோசித்துச் சொன்னார். "அக்கா, வெள்ளத் துணிய நீலம் போட்டு அலசுவோம்ல? நீலம் கண்ணுக்குத் தெரியாது. ஆனா போடாட்டி அந்த வெள்ள செத்துப்போயிருக்கும். இதுல ஏலக்காய் அப்படி இருக்கு."

அக்கா டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை. "புரியுது," என்றார். "நல்லாப் புரியுது."

மறுநாள் மருந்துக்கடை அண்ணன் நாலு குட்டி பாட்டில்களோடு வந்தார். கிராம்பு, ரோஜா, எலுமிச்சைத் தோல், தைலம். "மூக்குக்கும் பயிற்சி உண்டாம். காலையில சாயங்காலம் நாலையும் மோந்து பாருங்க. வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்." அக்கா விடாமல் முகர்ந்தார். ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். ஒன்றும் இல்லை. அண்ணனுக்குத்தான் முகம் வாடியது. அக்கா, "இத விட்டா எனக்குக் காலையில வேற என்ன வேலை?" என்பார்.

ஆறாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் ஒரு பூட்டைப் பிரித்துப் போட்டிருந்தேன். பெயிண்ட் கடைக்குள் அலறல். ஓடினேன். அக்கா, பெயிண்ட்டை நீர்க்கவைக்கும் தின்னர் டின்னின் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"நாறுதுடா! தம்பி, நாறுது! ஐயோ, எவ்வளவு நாத்தம்!"

முதலாளி பதறிப்போய் ஜன்னலைத் திறக்கப் போனார். "தொறக்காதீங்க!" என்று அக்கா கத்தினார். எதிர்க்கடையிலிருந்து தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்தார். நெடி தாங்காமல் எங்களுக்குக் கண் எரிந்தது. ஆனால் நாங்கள் வெளியே போகவில்லை. அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, கோயிலில் நிற்கிற மாதிரி, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு அக்காவோடு நின்றோம்.

இப்போது தினமும் பாலை அக்காவே முகர்கிறார். கிராம்பு வந்துவிட்டது, தைலம் வந்துவிட்டது. மாம்பழம் மட்டும் இன்னும் பாதிதான் வந்திருக்கிறதாம்.